இறைமறுப்பும் நம் அறமும்: கொங்கு மண்ணின் நூறாண்டு விவாதம்



இறைவனை நம்பாத ஒருவர் நல்லவராக வாழ முடியுமா? அறிவியல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் மார்க்கம் எதற்கு? கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இன்று இக்கேள்விகளை வீட்டில் கேட்கிறார்கள். கைப்பேசி கொண்டுவந்த குழப்பம் என்று அவற்றைத் தள்ளிவிடுவோர் நம்மில் பலர். ஆனால் இவை கைப்பேசியோடு வந்த கேள்விகள் அல்ல. நம் பாட்டனார் காலத்திலேயே இந்த மண்ணில் உரத்த குரலில் கேட்கப்பட்டவை. அவற்றை நம் சமுதாயம் எவ்வாறு எதிர்கொண்டது, எங்கே தவறியது என்பதை அறிந்துகொள்வது இன்றைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர உதவும்.

ஈரோட்டிலிருந்து எழுந்த கேள்வி

1925ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழ் தொடங்கப்பட்டது. ஈரோடு அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தனி மாவட்டம் ஆனது 1979இல்தான். ஆகவே தென்னாட்டின் புகழ்பெற்ற பகுத்தறிவு இயக்கம் நம் கோவை மாவட்டத்திலேயே பிறந்தது என்று சொல்வதில் பிழையில்லை. அதன் ஆசிரியர் ஈ.வெ. ராமசாமி, பிற்காலத்தில் பெரியார் என்று அறியப்பட்டவர், கொங்கு நாட்டு வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1929இல் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாநாடு நடந்தது. இரண்டாவது மாநாடு 1930 மே மாதத்தில் ஈரோட்டிலேயே கூடியது.

இந்த இதழில் சிங்காரவேலர் அறிவியல் கட்டுரைகளை எழுதினார். உலகின் தோற்றம், உயிர்களின் வளர்ச்சி, வானத்துக் கோள்கள் ஆகியவற்றைத் தமிழ் வாசகருக்கு எளிமையாக எடுத்துரைப்பது அவர் நோக்கம். பகத்சிங் தாம் நாத்திகரானதற்கான காரணங்களை விளக்கி எழுதிய கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1930களின் நடுவில் வெளியானபோது, அதற்காக அன்றைய ஆங்கில அரசு அவரைக் கைது செய்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரோட்டில் எழுந்த இறைமறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்டதன்று. தெருவிலிருந்து புறப்பட்டது. ஒரு மனிதன் கோயில் வீதியில் நடக்கக்கூடாது, ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கக்கூடாது என்று சொல்லப்பட்டபோது, அந்தக் கொடுமைக்குக் கடவுளின் பெயரைச் சான்றாகக் காட்டியபோது, அப்படிப்பட்ட கடவுள் எனக்கு வேண்டாம் என்ற சினம் பிறந்தது. அறிவியல் அந்தச் சினத்துக்குத் துணையாக அழைக்கப்பட்டது. இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரே ‘சுயமரியாதை’. அது அறத்தின் சொல்.

அக்காலத்துக் கோவையில் அறிவியல் வேறொரு வடிவிலும் வந்துகொண்டிருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும் அதைத் தொடர்ந்து எழுந்த ஆலைகளும், 1930களில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரமும் ஊரின் தோற்றத்தை மாற்றின. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு 1937இல் பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். அவர் பெரியாரின் நெருங்கிய நண்பர். ஆனால் அந்த மோட்டாரை வாங்கித் தோட்டத்துக் கிணற்றில் பொருத்திய குடியானவரை எவரும் உன் நம்பிக்கை என்ன என்று கேட்கவில்லை. கோயிலுக்குச் சென்றவரும் பள்ளிவாசலுக்குச் சென்றவரும் எங்குமே செல்லாதவரும் அதே மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அறிவியல் கொங்கு மண்ணில் யாருடைய ஈமானையும் பறிக்கவில்லை. நம்பிக்கையாளரை நோக்கி நீ எப்படிப்பட்ட மனிதன் என்று கேட்டது அறத்தின் கேள்விதான்.

அன்று நாம் கைதட்டினோம்

அன்றைய தமிழ் முஸ்லிம்கள் இந்த இயக்கத்தைப் பகையாகக் கருதவில்லை. மீலாது மேடைகளுக்குப் பெரியாரை அழைத்தார்கள். இஸ்லாத்தில் சாதி இல்லை, ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள் என்று அவர் அங்கே புகழ்ந்தார். இழிவு நீங்க வேண்டுமானால் இஸ்லாத்துக்குச் செல்லலாம் என்று தாழ்த்தப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகவே பேசினார். 1947இல் அவர் ஆற்றிய உரை இன்றும் நம் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. அதே காலத்தில் ‘தாருல் இஸ்லாம்’ இதழை நடத்திய பா. தாவூத் ஷா போன்றோர், மார்க்கத்தைத் தமிழிலேயே கற்க வேண்டும், மூடப்பழக்கங்களைக் களைய வேண்டும் என்று நம் சமுதாயத்துக்குள் எழுதிவந்தார்கள்.

பெரியார் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. பெண்களின் கோஷா முறையையும், தர்காக்களில் நடக்கும் சந்தனக்கூடு போன்ற விழாக்களையும் நம் முன்னிலையிலேயே கண்டித்தார். நம் முன்னோர் அதையும் கேட்டுக்கொண்டார்கள். சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்து எழுதினார்கள். அது நாகரிகமான உறவு. அதில் பெருமைப்பட நமக்கு இடமுண்டு.

ஆனாலும் அந்தக் கைதட்டலுக்குள் ஒரு வசதி ஒளிந்திருந்தது. அடுத்த வீட்டாரின் நம்பிக்கை கேள்விக்குள்ளானபோது பகுத்தறிவு நமக்கு இனித்தது. அதே கேள்வி நம் வீட்டுக்குள்ளிருந்து, நம் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் என்ன செய்வோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

2017 மார்ச் 16

அந்தச் சோதனை வந்தது. கோவை உக்கடம் பகுதியைச் சேர்ந்தவர் ஃபாரூக். பழைய இரும்பு வணிகம் செய்தவர்; வயது 31. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்புக் கொள்கையை ஏற்று, திராவிடர் விடுதலைக் கழகத்தில் உறுப்பினராகச் செயல்பட்டார். தம் கருத்துகளைச் சமூக ஊடகங்களில் மறைக்காமல் எழுதினார். 2017 மார்ச் 16ஆம் நாள் இரவு அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர்கள் முஸ்லிம்கள். மகனின் கொள்கை இயக்கத்தில் தாமும் சேரப்போவதாக அவருடைய தந்தை அறிவித்தார்.

முஸ்லிம் அமைப்புகள் இக்கொலையைக் கண்டித்தன. அது சரியானது, தேவையானது. ஆயினும் கண்டன அறிக்கையோடு முடித்துக்கொள்ளக்கூடிய செய்தியன்று இது. ஓர் அத்தா தம் மகனை அடக்கம் செய்துவிட்டு, மகன் ஏற்ற மறுப்புக் கொள்கையின் பக்கம் போய் நின்றார் என்றால், அதை நோக்கி அவரைத் தள்ளியது எந்த நாத்திக நூலும் அன்று. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக் கத்தியை எடுத்தவர்களே அதைச் செய்தார்கள்.

கோவை முஸ்லிம்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்களை நாம் இழந்தோம். 1998 பிப்ரவரி 14இல் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தார்கள். அதன் பழியை முழுச் சமுதாயமும் ஆண்டுக்கணக்கில் சுமந்தது. பிறந்த அடையாளத்துக்காக ஒருவன் கொல்லப்படுவது எத்தகைய அநீதி என்பதை நமக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கொண்ட கருத்துக்காக ஒருவன் கொல்லப்படுவதும் அதே அநீதி. முந்தியதற்கு நீதி கேட்கும் நாம், பிந்தியதைப் பற்றி மௌனம் காக்க முடியாது.

நம் மரபு சொல்வது என்ன?

இறைமறுப்பாளரிடம் அறம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியிருக்கிறார்கள். கொங்கு நாட்டு ராவுத்தர்களும் தக்னி உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். ஹனஃபிகள் கொள்கையளவில் பின்பற்றும் இமாம், 944இல் சமர்கந்தில் மறைந்த அபூ மன்சூர் அல்மாதுரீதி. நீதி நல்லது, அநீதி தீயது என்பன போன்ற அடிப்படைகளை மனித அறிவு தானாகவே உணர முடியும் என்பது அவர் வழிவந்தோரின் நிலைப்பாடு. இறைச்செய்தி அந்த அறிவை உறுதிப்படுத்துகிறது, நிறைவு செய்கிறது, அறிவு எட்டாத கடமைகளைக் கற்பிக்கிறது. இமாம் அஷ்அரீயின் வழியினர் இதில் மாறுபட்டு, நன்மை தீமையை இறைச்செய்தியே வரையறுக்கிறது என்றார்கள். இந்த இரு தரப்பும் நூற்றாண்டுகளாக விவாதித்தன. இரண்டும் அஹ்லுஸ் ஸுன்னாவின் மதிப்பிற்குரிய வழிகளாகவே நீடித்தன.

நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. நபித்துவத்துக்கு முன், யமனிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் பிரமுகர் ஒருவர் பணம் தர மறுத்தார். அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இளைஞராக அதில் கலந்துகொண்ட நபிகளார் (ஸல்), பின்னாளில் இஸ்லாத்தின் காலத்திலும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறினார்கள்.

தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபிகளாருக்கு மக்காவுக்குள் நுழையப் பாதுகாப்பு அளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்தார். பத்ருப் போருக்குப் பின், முத்இம் உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக அவர்களை விடுவித்திருப்பேன் என்று நபிகளார் (ஸல்) நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். நம்பிக்கை கொள்ளாத ஒருவரின் அறத்தை இவ்வளவு உயர்வாக மதித்தவரின் உம்மத் நாம்.

அறிவியலைப் பற்றியும் நமக்கு அச்சம் தேவையில்லை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலான பேச்சாக இருந்திருக்கக்கூடும். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபிகளார் (ஸல்) உடனே திருத்தினார்கள். பின்னாளில், 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, கணக்கிட்டு நிறுவப்பட்ட கிரகணச் செய்தியை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்று எச்சரித்தார்.

மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. மார்க்கத்தை விட்டு வெளியேறியவருக்குத் தண்டனை உண்டு என்று பழைய ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பிள்ளைகள் இதை எங்கேனும் படித்துவிட்டு வந்து கேட்டால் இல்லை என்று மழுப்பக்கூடாது. ஆனால் அந்நூல்களிலும் அது ஆட்சியாளரின் நீதிமன்றத்துக்கு உரிய விவகாரம். தெருவில் நிற்கும் நான்கு பேருக்கு உரியதன்று. அக்காலத்தில் மதம் மாறுவது எதிரிப்படையில் சேர்வதாகவும் இருந்தது, அதைக் கருதியே அச்சட்டம் எழுந்தது என்று பிற்கால அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். கிலாஃபத்தின் தலைமையிடமாக இருந்த உஸ்மானிய அரசே 1844இல் அத்தண்டனையை இனி நிறைவேற்றுவதில்லை என்று உறுதியளித்தது. மார்க்கத்தில் வற்புறுத்தலை மறுக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் இவை அனைத்துக்கும் மேலே நிற்கிறது.

சிரியாவின் மஅர்ரா நகரில் வாழ்ந்த கண்பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீ, மதங்களைக் கடுமையாக ஐயுற்றுப் பாடியவர். முஸ்லிம்களின் ஆட்சியில், முஸ்லிம்களின் நடுவே, எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1057இல் தம் ஊரிலேயே இயற்கையாக இறந்தார். மாணவர்கள் அவரைத் தேடி வந்து பாடம் கேட்டார்கள். 2013இல் அதே ஊரில் இருந்த அவருடைய சிலையின் தலையை ஆயுதக் குழுவினர் துண்டித்தார்கள். உறுதியான நம்பிக்கை கொண்ட சமுதாயம் ஐயத்தைத் தாங்கிக்கொண்டது. உள்ளுக்குள் நடுங்கிய சமுதாயம் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை.

மறுப்பாளரிடம் நாம் கேட்க வேண்டியது

இதனால் நம் கேள்விகளை நாம் கைவிட வேண்டும் என்பதில்லை. அறிவியல் மட்டும் அறத்தைத் தந்துவிடுமா என்று நாம் உரிமையோடு கேட்கலாம். மரபுவழியில் மேலானோர் கீழானோர் என்று மக்களைப் பிரித்த இனமேம்பாட்டுக் கொள்கை ஒரு காலத்தில் அறிவியலாகவே கற்பிக்கப்பட்டது. அதன் பெயரால் 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதித்தது. 1933இல் ஜெர்மனி அதற்குச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் சேர்த்தது. அதே 1976இல், நெருக்கடி நிலையின்போது, ஹரியானாவின் உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைக் காவல்துறை சுற்றி வளைத்து ஆண்களைக் கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துச் சென்றது. எது சாத்தியம் என்பதை அறிவியல் சொல்லும். எதைச் செய்யக்கூடாது என்பதை வேறோரிடத்திலிருந்தே மனிதன் பெற வேண்டியிருக்கிறது.

நமக்கு அந்த இடம் இறைவன் முன் விடைசொல்லும் நாள். யாரும் பார்க்காத இருளில் எடைக்கல்லைச் சரியாக வைக்கச் செய்வது அந்த நினைவே. மறுப்பாளர் சக மனிதனின் வலியைச் சுட்டிக்காட்டி, அதுவே எனக்குப் போதும் என்பார். இந்த இரண்டில் எது உறுதியான அடித்தளம் என்று நாம் காலமெல்லாம் வாதிடலாம். ஆனால் மதத்தின் பெயரால் சாதிக்கொடுமை நடந்ததை அவர் காட்டும்போதும், 2017இல் நம் ஊரில் நடந்ததைக் காட்டும்போதும், நாம் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

இந்திய அரசமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றின் உரிமையை எல்லோருக்கும் வழங்குகிறது. கோட்டைமேட்டில் பாங்கொலி எழுவதற்கும், தொப்பியோ ஹிஜாபோ அணிந்து நாம் தெருவில் நடப்பதற்கும் அதுவே காவல். ஃபாரூக் தம் மறுப்பைச் சொல்லி உயிரோடு வாழவும் அதே பிரிவே உரிமை தந்திருந்தது. சிறுபான்மையினராகிய நாம் அந்த வேலியின் ஒரு பக்கத்தைப் பிடுங்கினால் மறுபக்கமும் சாயும். மதச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டாலே அது மார்க்கத்துக்கு எதிரானது என்று எண்ணுவோர் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐயம் கேட்கும் பிள்ளையை முர்தத் என்று பெயரிட்டு விரட்டாதீர்கள். அறிவியல் படித்த ஆலிம்களையும் மார்க்கம் படித்த ஆசிரியர்களையும் மாதம் ஒருநாளேனும் மஹல்லாவில் இளைஞர்களோடு உட்கார வையுங்கள். எந்தக் கேள்வியையும் கேட்கலாம், கேட்டவர் பெயர் வெளியே போகாது என்று உறுதியளியுங்கள். விடை தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். அதன் பிறகும் ஒருவர் விலகிச் சென்றால், அவரோடு உறவை முறிக்காதீர்கள். பெருநாளன்று அவர் வீட்டுக்கும் பிரியாணி அனுப்புங்கள். அவர் உடலுக்கோ குடும்பத்துக்கோ நம் தெருவில் எவ்விதத் தீங்கும் நேராது என்ற பொறுப்பை ஜமாஅத் வெளிப்படையாக ஏற்கட்டும். நேர்வழி காட்டுவது அல்லாஹ்வின் செயல். அண்டை வீட்டாரைப் பாதுகாப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும், நமக்கு அவர்களின் கேள்விகளைக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.